உரல் தொங்கும் வண்டில்

யாழ்ப்பாணத்தில் ஏறினால், 776ஆம் இலக்க பஸ் பண்ணைப் பாலம் கடந்து, வேலணையைக் கடந்து, வாணர் பாலத்தில் இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு ஓடி, புங்குடுதீவின் மேற்கு ஓரத்தில் குறிகட்டுவானில் வந்து நிற்கும். அதற்கப்பால் வீதி இல்லை. பஸ், வான், லொறி, முச்சக்கர வண்டி என்று சக்கரம் உள்ள எல்லாம் அங்கே திரும்பிவிடும். ஆட்கள் இறங்கிப் படகில் ஏறுவார்கள். நயினாதீவுக்கு இருபது நிமிடம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம்.

நயினை அம்மன் திருவிழாவுக்காக ஓர் ஆனி மாதம் லண்டனிலிருந்து மகளோடு வந்திருந்த என் சித்தப்பா, அந்த இறங்குதுறையில் நின்றபடி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். “எங்கட வீட்டை இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வரலாம் தம்பி. இதுக்கு அங்கால ஏலாது” என்றார். அவர் சொன்ன வீட்டுக்கு ஆறு ரயர், ஒரு ஸ்டியரிங், இரண்டு கட்டில், ஒரு குசினி. லண்டனில் அவருடைய வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் வீடு அது. தமிழ்நாட்டில் இதைக் கேரவன் என்பார்கள். நெடுஞ்சாலைப் படங்களிலும் சினிமாப் படப்பிடிப்பிலும் எல்லோரும் பார்த்த வண்டிதான். ஆனால் அது எங்கெங்கே சுற்றி இந்த உருவத்துக்கு வந்தது என்று தேடிப் போனால், முதல் தடம் நம் வீட்டு வாசலிலேயே தென்படுகிறது.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு வணிகரின் வண்டிகளைக் காட்டுகிறார். உமணர் என்ற அந்த வணிகர் கடற்கரையில் உப்பை ஏற்றி உள்நாட்டுக்கு மாதக்கணக்கில் போவார்கள். குடும்பமும் கூடவே போகும். வண்டிக்கு மேலே கூரை. வாசலோரம் கோழி அடையும் கூடு. ஒரு பக்கம் சின்ன உரல் ஒன்று தொங்கத் தூக்கிக் கட்டியிருக்கிறது. முன்புறம் காடி வைத்த பாத்திரம் கயிற்றில் பிணித்திருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டுகிறாள். படுக்கை, சமையல், களஞ்சியம், சாரதி ஆசனம் என்று இன்றைய மோட்டார் வீட்டு விற்பனையாளர் விரல் மடக்கிச் சொல்லும் எல்லாமே அந்தச் சில அடிகளுக்குள் இருக்கின்றன. முட்டைக்குக் கோழியும் உண்டு.

அதே உமணரிடம் இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை ஒரு வண்டிப் பாகத்துக்கு ஒப்பிடுகிறார். எருதுகளோ இளையவை, பாரமோ பெரிது, பள்ளத்திலும் மேட்டிலும் என்ன நடக்குமோ என்று அஞ்சி, உமணர் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அந்தச் சேம அச்சுப் போன்றவன் அவன். ஓர் அரசகுமாரனைப் புகழ உதிரிப்பாகம் ஒன்று உவமையானது, வண்டி ஓட்டியவர்களின் கவலையை ஔவையார் எவ்வளவு கிட்ட நின்று பார்த்தார் என்பதைக் காட்டுகிறது.

இந்தச் சேம அச்சு உலகத்துக்குத் திரும்பவும் நினைவுக்கு வரப் பல நூற்றாண்டுகள் ஆயின. ஆரம்பகால மோட்டார்க் கார்களில் உதிரிச் சக்கரம் கிடையாது. 1904இல் வேல்ஸ் நாட்டு லனெலி நகரில் டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டார்கள். காற்றுப் போன சக்கரத்தோடு மேலதிக ரயர் ஒன்றை விளிம்போடு சேர்த்துப் பூட்டி ஓட்டும் வழி. அவர்களுடைய கடை இருந்தது ஸ்டெப்னி வீதியில். பொருளுக்கும் அந்த வீதியின் பெயரையே வைத்தார்கள். இங்கிலாந்துக்காரர் அந்தச் சொல்லை மறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டு ஓட்டுநர் ஒவ்வொருவரும் இன்றைக்கும் ‘ஸ்டெப்னி இருக்கா?’ என்று கேட்கிறார். ஒரு வேல்ஸ் வீதியின் பெயரை நாள்தோறும் உச்சரிப்பது அவருக்கே தெரியாது.

சொல்லின் பயணம் இதைவிட நீண்டது. கேரவன் என்பது பாரசீகச் சொல். கார்வான் என்றால் பாலைவனத்தில் கூட்டமாகப் போகும் வணிகரும் ஒட்டகங்களும். கள்ளர் பயத்தாலும் தண்ணீர்ப் பஞ்சத்தாலும் தனித்துப் போக முடியாத நிலத்தில் பிறந்த சொல் அது. ஐரோப்பாவுக்குப் போன அந்தச் சொல், இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டளவில் மூடிய பெரிய வண்டியைக் குறிக்கத் தொடங்கியது. கூட்டத்தின் பெயர் ஒற்றை வண்டிக்கு ஆகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் பேச்சில் தலை தேய்ந்து, வால் மட்டும் மிஞ்சியது. அந்த வால்தான் ‘வான்’. யாழ்ப்பாணத்தார் கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் பிடிக்கும் வான், பாரசீக ஒட்டகக் கூட்டத்தின் பேரன் முறை. குறிகட்டுவான் என்ற ஊர்ப் பெயரின் முடிவிலும் அதே இரண்டு எழுத்துகள் நிற்பது, சொல்லுறவு ஏதுமில்லாத இனிய தற்செயல்.

பாரசீகத்தின் வழியாக மேற்கே போன இன்னொரு கூட்டமும் உண்டு. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கை விட்டுப் புறப்பட்ட ரோமா மக்கள் அவர்கள். எழுதி வைத்த வரலாறு ஏதும் அவர்கள் கையில் இல்லை. அவர்களின் பேச்சே சாட்சி சொன்னது. தண்ணீருக்கு அவர்கள் இன்றைக்கும் பானி என்பார்கள். ஐந்துக்குப் பாஞ்ச் என்பார்கள். ஐரோப்பிய நாடுகள் பல அவர்களைத் தங்கவிடாமல் சட்டம் போட்டன. அடித்துத் துரத்திய நாடுகளும் உண்டு, அடிமைகளாக வைத்திருந்த நாடுகளும் உண்டு. நடந்தும் கூடாரம் போட்டும் வாழ்ந்த அவர்கள், 19ஆம் நூற்றாண்டில்தான் குதிரை இழுக்கும் வீட்டு வண்டிக்கு மாறினார்கள். அதன் பெயர் வார்டோ. செதுக்கிய மரம், தீட்டிய பொன் வண்ணம், உள்ளே இரும்பு அடுப்பு. இங்கிலாந்தில் வண்டிகள் இடப்பக்கம் போவதால், வீதியோர மரக்கிளைகளில் இடிபடாமல் இருக்க, அடுப்பின் புகைக்குழாயை வலப்பக்கம் வைத்தார்கள். வண்டிக்காரர் இறந்தால் அவருடைய உடைமைகளோடு வார்டோவையும் எரித்துவிடும் வழக்கம் இருந்தது. ஒரு மனிதரின் வீடு இன்னொருவருக்குப் போவதில்லை என்பது அவர்கள் முறை.

ரோமாக்களுக்கும் சற்று முன்னதாகவே சர்க்கஸ்காரரும் சந்தை வேடிக்கைக்காரரும் வண்டிக்குள் குடியிருக்கத் தொடங்கியிருந்தார்கள். 1840களின் தொடக்கத்தில் வெளிவந்த சார்ல்ஸ் டிக்கன்ஸின் நாவலொன்றில், மெழுகுப் பொம்மைகள் காட்டும் ஜார்லி அம்மையார் திரைச்சீலை தொங்கும் சக்கர வீட்டில் ஊர் ஊராகப் போகிறார். அந்தக் காலம் வரைக்கும் சக்கர வீடு என்பது பிழைப்பு; அல்லது வேறு போக்கிடம் இல்லாதவரின் தஞ்சம். அதில் உல்லாசத்துக்காக யாராவது போவார்கள் என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நினைத்தவர் ஒரு கடற்படை வைத்தியர். ஸ்கொட்லாந்துக்காரரான கோர்டன் ஸ்டேபிள்ஸ் பல கடல்களைச் சுற்றிவிட்டுக் கரையேறி, சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். கப்பல் அறையின் நெருக்கமும் நேர்த்தியும் அவரை விட்டுப் போகவில்லை. ரோமாக்களின் வண்டிகளைக் கண்டு ஆசைப்பட்டு, 1885இல் பிறிஸ்ரல் நகரத்து வண்டிக் கம்பனியொன்றில் தனக்கென்று ஒன்று செய்வித்தார். மகோகனி மரத்தால் ஆன அதன் பெயர் ‘வாண்டரர்’, ஊர்சுற்றி. ஏறக்குறைய இரண்டு தொன் எடை. இழுக்க இரண்டு குதிரைகள். உள்ளே புத்தக அலுமாரி. கூடவே ஒரு பெரிய நாயும் ஒரு கிளியும். அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் ஓடி, எதிரே வருபவர்களை எச்சரித்தார். இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வர்னெஸ் வரைக்கும் போய், அடுத்த ஆண்டே அந்தப் பயணத்தை நூலாக்கினார். நூலின் பெயரில் தன் வண்டியைத் தரையில் ஓடும் உல்லாசப் படகு என்றே அழைத்தார். சக்கரத்தில் ஓடும் உல்லாச வீடு ஒரு மாலுமியின் தலைக்குள்தான் பிறந்தது.

நூல் வந்தபின் ஆசை தொற்றியது. வசதியுள்ளவர்கள் ‘நாடோடிக் கனவான்’ வேடம் போடத் தொடங்கினார்கள். வீதியோரத்தில் தங்கியதற்காக ரோமாக் குடும்பத்தைப் பொலிஸ் விரட்டிய அதே நாட்டில், 1907இல் கேரவன்காரருக்கு ஒரு கழகம் உருவானது. மறு ஆண்டு கென்னத் கிரஹாமின் சிறுவர் நாவலில் தேரை ஐயா மஞ்சள் நிற வண்டியில் புறப்படுகிறார். ஒரு மோட்டார்க் கார் பாய்ந்து வர, குதிரை மிரண்டு, வண்டி பள்ளத்தில் விழுந்து நொறுங்குகிறது. தேரை கோபிக்கவில்லை. வீதியில் குந்தியிருந்து, போன காரையே மயங்கிப் பார்க்கிறார். அந்த ஒரு காட்சிக்குள் ஒரு யுகம் முடிந்து மறு யுகம் தொடங்கிவிட்டது.

1910இல் நியூயோர்க்கின் மடிசன் சதுக்கக் கண்காட்சியில் பியர்ஸ்-ஆரோ கம்பனி ஒரு காரை வைத்தது. பின் ஆசனம் கட்டிலாக விரியும். கை கழுவத் தொட்டி உண்டு. மலசலத்துக்கும் ஏற்பாடு உண்டு. விலை 8,250 டொலர். ஹென்றி ஃபோர்டின் சாதாரணக் கார் அப்போது ஆயிரம் டொலருக்கும் குறைவு. அந்த ஃபோர்டும் பிற்பாடு தோமஸ் எடிசனோடும் ரயர் முதலாளி ஃபயர்ஸ்ரனோடும் கோடைதோறும் காட்டுக்குப் போனார். சமையலுக்கென்றே ஒரு வண்டி பின்னால் போகும். பத்திரிகைகள் படம் பிடித்துப் போட, சாதாரண அமெரிக்கரும் காரின் பின்னால் ஒரு பெட்டியைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

அந்தப் பெட்டிகளின் கதையில் பார்த்துச் செய்தவரே பேர் பெற்றார். ஹோலி போலஸ் கிளைடர் விமானம் செய்பவர்; லிண்ட்பெர்க் தனியே அத்திலாந்திக்கைக் கடந்த விமானத்தைக் கட்டியதிலும் பங்குகொண்டவர். 1934இல் விமான உடல் போலவே பளபளக்கும் அலுமினியத்தில் ஓர் இழுவை வீடு செய்தார். அழகாகவே இருந்தது. ஆனால் கதவை முன்பக்கம், காரோடு பூட்டும் இடத்துக்கு மேலே வைத்துவிட்டார். வியாபாரம் நொடித்தது. அதே வடிவத்தை எடுத்து, கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936இல் 1,200 டொலருக்கு விற்றவர் வொலி பயம். அவருடைய ‘ஏர்ஸ்ட்ரீம்’ இன்றும் ஓடுகிறது. 1969இல் சந்திரனில் இருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களைக் கிருமித் தடுப்புக்காகப் பூட்டி வைத்ததும் மாற்றியமைத்த ஓர் ஏர்ஸ்ட்ரீமுக்குள்தான். உமணரின் கூரை வண்டி போட்ட தடம் சந்திரன் வரைக்கும் போய் வந்திருக்கிறது என்று சொல்லிப் பார்க்க எனக்கு ஆசை.

வொலி பயம் ஏர்ஸ்ட்ரீம் விற்ற அதே ஆண்டுகளில் பெருமந்தமும் புழுதிப் புயலும் லட்சக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களை வீதிக்கு விரட்டின. ஒரே நெடுஞ்சாலையில் வெள்ளி நிறப் பெட்டியில் ஒரு குடும்பம் உல்லாசம் போக, பழைய லொறியில் மெத்தையும் சட்டிபானையுமாக இன்னொரு குடும்பம் வேலை தேடிப் போனது. இன்னும் இருபது ஆண்டுகளில் அமெரிக்கரில் பாதிப்பேர் சக்கர வீட்டில்தான் வாழ்வார்கள் என்று பொருளியல் ஆரூடக்காரர் ரோஜர் பாப்சன் சொன்னார். அது பலிக்கவில்லை. வேலை கிடைத்தவுடன் மக்கள் நிலையான கூரையைத்தான் தேடினார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த ஜேர்மனியில் இன்னொரு தற்செயல். உடைந்த வோக்ஸ்வாகன் தொழிற்சாலையைப் பிரித்தானிய இராணுவம் நடத்திக்கொண்டிருந்தது. உள்ளே பொருள்கள் இழுக்கத் தொழிலாளர் வோக்ஸ்வாகன் சட்டத்தில் தட்டை வண்டியொன்றைக் கைச்செய்கையாகச் செய்து ஓட்டினார்கள். அதைக் கண்ட ஒல்லாந்து வியாபாரி பென் பொன், 1947 ஏப்ரல் 23இல் தன் குறிப்பேட்டில் பாண் துண்டு போல ஒரு பெட்டியைக் கீறினார். 1950இல் அது வானாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பனி அதற்குள் வைக்கவும் கழற்றவும் கூடிய தளபாடப் பெட்டியொன்றைச் செய்தது. வார நாளில் சாமான் ஏற்றும் வண்டி, சனி ஞாயிறில் குடும்பத்துக்கு வீடு. இரண்டு வண்டி வாங்க வசதியில்லாதவரும் ஊர் சுற்றலாம் என்று ஆனது அப்போதுதான்.

1960களில் அந்த வான்களில் நீளமுடி இளைஞர்கள் லண்டனிலிருந்தும் அம்ஸ்ரடாமிலிருந்தும் கிழக்கே புறப்பட்டார்கள். இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், டில்லி, காத்மண்டு. பழைய ஒட்டகக் கூட்டங்கள் போன தடம்தான். பாரசீகத்தை விட்டுப் போன சொல் சில நூற்றாண்டுகளின்பின் நான்கு சக்கரத்தோடு சொந்த ஊருக்கு வந்தது. 1979இல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. அந்த வழி மூடிக்கொண்டது.

அமெரிக்காவில் ரே பிராங்க் என்ற மிச்சிகன்காரர் 1958இல் தன் குடும்பத்துக்கென ஒரு வண்டி செய்து ‘மோட்டார் ஹோம்’ என்று அழைத்தார். இழுவைப் பெட்டி வேறு கார் வேறாக இல்லாமல் எஞ்சினும் வீடும் ஒன்றான வண்டி அது. 1966இல் ஐயோவா மாநிலத்து வினபேகோ தொழிற்சாலை அதை வரிசையில் வைத்துச் செய்து விலையைக் குறைத்தது. அந்தப் பெயர் ஒரு பழங்குடியினருடையது. தம் நிலத்திலிருந்து திரும்பத் திரும்ப அகற்றப்பட்ட ஒரு மக்களின் பெயர் விடுமுறை வண்டிக்கு அமைந்தது, எண்ணிப் பார்த்தால் நெஞ்சைக் கனக்கச் செய்யும் செய்தி. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, கலனுக்குச் சில மைல்களே ஓடும் அந்தப் பெரிய வண்டிகள் முற்றத்தில் தூங்கின.

இந்தியாவில் இந்த வண்டி அரசியலுக்கு முதலில் வந்தது. 1982இல் கட்சி தொடங்கிய தெலுங்கு நடிகர் என்.டி. ராமாராவ், 1940ஆம் ஆண்டு செவர்லே வான் ஒன்றை மாற்றியமைத்துச் ‘சைதன்ய ரதம்’ என்று பெயரிட்டு ஆந்திரம் முழுவதும் சுற்றினார். வண்டிக் கூரைதான் மேடை. வீதியோரத்தில் குளிப்பு, வண்டிக்குள் உறக்கம். ஓட்டியவர் அவருடைய மகன் ஹரிகிருஷ்ணா. 1983 ஜனவரியில் ராமாராவ் முதலமைச்சர். பின்னர் இந்தித் திரையுலகில் நடிகை பூனம் தில்லான் ஒப்பனை வண்டிகளை ஒரு தொழிலாகவே கொண்டுவர, படப்பிடிப்புத் தளமெங்கும் அவை பரவின. அதனால் சென்னையில் ‘கேரவன்’ என்றால் நட்சத்திரம் இளைப்பாறும் வண்டி. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியது. நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்களை ஏற்கெனவே மிதக்கும் விடுதிகளாக மாற்றிக் காட்டிய மாநிலம் அது.

நம் ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் கூடார வண்டில் இருந்த காலத்தில், வல்லிபுரத்துக்கும் சன்னிதிக்கும் திருவிழாவுக்குப் போகும் குடும்பம் பாய், பானை, அரிசி, கட்டுச்சோறு எல்லாவற்றோடும்தான் போகும். வண்டிலுக்குக் கீழே லாந்தர் ஆடும். கோயில் வீதியில் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிலுக்குள்ளும் அடியிலும் படுப்பார்கள். பிறகு மோட்டார் வந்தது. திறந்த பக்கங்களும் மரவேலையுமாகத் தட்டிவான் சந்தைக்கும் கோயிலுக்கும் ஆட்களையும் வாழைக்குலைகளையும் சேர்த்து ஏற்றியது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கி வர, வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நடந்தார்கள். அன்று உழவு இயந்திரப் பெட்டியும் லாண்ட்மாஸ்டரும் சைக்கிள் காவியும்தான் வீடு. மேலே ஒரு தரப்பாள். உள்ளே கிழவி, குழந்தை, தையல் மெசின், கோழி. உமணர் வண்டியில் இருந்த அத்தனையும் இருந்தன. விருப்பம் ஒன்றுதான் இல்லை. தீவுப்பகுதி மக்கள் அதற்கும் முன்பே இடம்பெயர்ந்து போயிருந்தார்கள். சித்தப்பா அதற்கும் முன்பு போனவர்.

அவர் மோட்டார் வீடு வாங்கியது ஓய்வு கிட்டியபின். பிரித்தானியாவில் 1997க்கு முன் கார் ஓட்டும் அனுமதி எடுத்தவர் ஏழரைத் தொன் வண்டி வரைக்கும் ஓட்டலாம். பிறகு எடுத்தவருக்கு மூன்றரைத் தொன்தான். சித்தப்பா பெரியது ஓட்டலாம்; மகள் ஓட்ட முடியாது. மகளும் ஓட்டவேண்டும் என்று மூன்றரைத் தொன்னுக்குள் ஒன்றை வாங்கினார். அன்று தொடங்கியது எடைக் கணக்கு. தண்ணீர்த் தாங்கி நிறைந்தால் நூறு கிலோ. காஸ் சிலிண்டர், பற்றரி, வெயிலுக்கு விரிக்கும் பந்தல், மிதிவண்டி இரண்டு. சித்தி அரிசிப் பையோடு வந்தால் மகள் தராசோடு நிற்பாள். எல்லை மீறினால் தண்டம். அதைவிட, இறக்கத்தில் பிறேக் பிடிக்காது.

செலவுகள் அவர் கொப்பியில் வரிசையாக இருக்கின்றன. காப்புறுதி, வீதி வரி, வருடாந்தப் பரிசோதனை. ஓட்டம் குறைவானதால் ரயரின் பூ தேயாது. ஆனால் றப்பர் வயதாகி வெடிக்கும் என்பதால் புதுசுபோலத் தெரியும் ரயரையும் மாற்றவேண்டும். எல்லாவற்றிலும் கொடியது ஈரம். கூரை மூட்டில் முடி அளவு வெடிப்பு இருந்தால் போதும். மழைநீர் சுவருக்குள் இறங்கி, மரச்சட்டத்தை வெளியே தெரியாமல் உக்க வைத்துவிடும். வாங்கிய இரண்டாம் வருடம் கட்டிலுக்கு மேல் மூலையில் சித்தப்பா விரலால் அழுத்த, சுவர் பாண்போல அமிழ்ந்தது. பழுதுபார்த்த காசுக்கு மூன்று முறை ஊருக்கு வந்து போயிருக்கலாம் என்றார். வருடத்தில் ஐந்தாறு வாரம் ஓடும் வண்டி, மிச்ச நாளெல்லாம் நின்றபடியே காசு கேட்கும்.

அப்படியானால் ஏன் விற்கவில்லை? ஒரு தடவை நானும் கூடப் போனேன். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரை, ஸ்டேபிள்ஸ் போன இன்வர்னெஸைத் தாண்டி. அலுமாரிக் கொளுவியில் சித்தி இடியப்ப உரலைத் தொங்கவிட்டிருந்தா. ஒவ்வொரு வளைவிலும் அது கதவில் டக் டக்கென்று இடிக்கும். விடியற்காலையில் கதவைத் திறந்தால் படியில் இருந்து பத்தடியில் கடல். மழை கூரையில் விழுந்தால் தகரக் கொட்டிலுக்குள் இருப்பதுபோல இருக்கும். கேத்தில் கொதிக்கும், போர்வையை விட்டு இறங்காமலே தேத்தண்ணி கிடைக்கும். ஒருநாள் சம்பலுக்கு வெங்காயம் வதங்கிய வாசத்துக்குப் பக்கத்து வண்டி ஒல்லாந்துக் குடும்பம் எட்டிப் பார்த்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள். “எங்கட ஊருக்குப் பக்கத்துத் தீவுக்கு உங்கட ஆக்கள்தான் டெல்ஃப்ற் என்று பேர் வைச்சவை” என்று சித்தப்பா ஆங்கிலத்தில் நெடுந்தீவுக் கதையைத் தொடங்க, இரண்டு வண்டிக்கும் நடுவில் இடியப்பம் பரிமாறப்பட்டது. ஹோட்டல் அறையில் அப்படி எட்டிப் பார்க்கும் அயல் கிடைக்காது.

இலங்கையில் இந்த இன்பத்துக்கு விலை மிக அதிகம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. வரியோடு சேர்ந்து சாதாரண வானின் விலையே வீடு கட்டும் காசாகிவிட்டது. 2022இல் எரிபொருள் இல்லாமல் கியூஆர் அட்டை வந்தபோது வானுக்கு வாரம் இருபது லீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினாலும் கொழும்புக்கு ஏறக்குறையப் பாதி வழிதான் போகும். 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியது. அதில் ஆட்கள் மட்டும்தான் வரலாம்.

தீவுப்பகுதிக்கு இன்னுமொரு கணக்கு உண்டு. புங்குடுதீவில் நல்ல தண்ணீர்க் கிணறு அரிது. பவுசர் வரும் நாளுக்குக் குடங்கள் காத்திருக்கும். அங்கே நூறு லீற்றர்த் தாங்கியை நிரப்பித் தா என்று கேட்க வாய் வராது. நிலமோ சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது எதுவும் சீக்கிரமே நிலத்தடி நீரைச் சேரும். மோட்டார் வீட்டின் மலசலப் பெட்டியை அங்கே கண்ட இடத்தில் கவிழ்ப்பது ஊர்க் கிணற்றில் கவிழ்ப்பதற்குச் சமம். அப்படி ஒரு வண்டி என்றைக்காவது வந்தால், தண்ணீரையும் கழிவையும் தானே சுமந்து வந்து தானே சுமந்து போகவேண்டும். அப்படி வருபவருக்குத் தீவு நிறையக் கொடுக்கும். காரைநகரில் இருந்து ஊர்காவற்றுறைக்கு வாகனங்களை ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவைக்கு ஊரார் வைத்த பெயர் ‘பாதை’. வீதி முடிந்த இடத்தில் மிதந்து வந்து நிற்பதற்கு இதைவிட நல்ல பெயர் எந்த மொழியில் இருக்கிறதோ தெரியாது.

இறங்குதுறையில் நின்ற அன்று, நயினை அம்மனைக் கும்பிட்டு, படகில் குறிகட்டுவானுக்குத் திரும்பி, முச்சக்கர வண்டியில் சித்தப்பாவின் பழைய வீட்டுக்குப் போனோம். புங்குடுதீவில் அப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. ஆட்கள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் இருக்க, சுவர்கள் மட்டும் இங்கே நின்றுகொண்டிருக்கின்றன. படலையைத் தள்ளிப் பின்வளவுக்குப் போனபோது வேம்பின் கீழே அவருடைய அம்மா மாவிடித்த கல்லுரல் பாதி புதைந்து கிடந்தது. குழி நிறைய வேப்பம்பழம். சித்தப்பா குந்தியிருந்து அவற்றை ஒவ்வொரு கையாக அள்ளி வெளியே போட்டார். மகள் இரண்டு கையாலும் உரலைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

“அப்பா, இது எத்தனை கிலோ வரும்?” என்று கேட்டாள், வண்டிக்குள் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் கேட்டுப் பழகிய அதே குரலில்.

சித்தப்பா உள்ளங்கையால் குழியின் அடியைத் துடைத்தார். “இதை ஒருத்தரும் நிறுத்துப் பார்க்கேல்லையம்மா” என்றார்.